வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று அவர்கள் கேட்கவே இல்லை

பெயர் போடாமல் எழுதுகிறேன். காரணம் படித்தால் புரியும். கரூரில் ஜவுளி நிறுவனம் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். வயது 57. பதினோரு வருடமாகச் சர்க்கரை. மூன்று வருடத்துக்கு முன் இதயத்தில் ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். புரோஸ்டேட் வீக்கத்துக்காக இரவில் டாம்சுலோசின் சாப்பிடுகிறேன். நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ள ஓர் அட்டை சார்பிட்ரேட் எப்போதும் சட்டைப்பையில் இருக்கும். என்னிடம் 4,600 ரூபாய் வாங்கிக்கொண்டவர்கள் இதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை என்பதால்தான் முதலிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவரில் மூலம், பௌத்திரம், ஆண்மைக் குறைவு என்று வரிசையாக ஒட்டியிருப்பார்களே, அந்தச் சுவரொட்டிகளைப் பார்த்து இத்தனை வருடம் சிரித்தவன் நான். அதே சுவரொட்டி வெள்ளைக் கோட்டும் ஸ்டெதஸ்கோப்பும் மாட்டிக்கொண்டு கைபேசிக்குள் வந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஆண்மைக் குறைவுக்கு நூறு சதவீதம் மூலிகை, பக்கவிளைவு அறவே இல்லை, சர்க்கரை நோயாளிகளும் சாப்பிடலாம் என்று போட்டிருந்தது. அந்தக் கடைசி வரியில் விழுந்தேன். ஆறு மாதமாக நானும் மனைவியும் அதைப் பற்றிப் பேசாமல் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டிருந்தோம்.

எண்ணைக் கொடுத்த பத்தாவது நிமிடம் அழைப்பு வந்தது. ஒரு பெண் பேசிவிட்டு 'டாக்டரிடம்' கொடுத்தார். டாக்டர் கேட்டவை மூன்றே மூன்று: திருமணமாகி எத்தனை வருடம், தொந்தரவு எத்தனை மாதமாக, முழுக் கோர்ஸா பாதிக் கோர்ஸா. நானாகத்தான் வாயைத் திறந்தேன். "சார், எனக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள்."

"ஐயா, இது இங்கிலீஷ் மருந்து இல்லை. வேர், விதை, பட்டை. இதயத்துக்கும் சேர்த்தே நல்லது."

பொருளைக் கொண்டுவந்து கொடுக்கும்போது பணம் என்றார்கள். அதனால் ஏமாற்ற மாட்டார்கள் என்று நினைத்தேன். கணக்கு எழுதுகிறவன் புத்தி அப்படித்தான் போகிறது, ரசீதும் பொருளும் கைமாறினால் வியாபாரம் சுத்தம் என்று. பார்சலை அலுவலக முகவரிக்கு வரவழைத்தேன். தங்க நிறப் பெட்டி, முப்பது கேப்ஸ்யூல். அமுக்கரா, பூனைக்காலி, நிலப்பனை என்று தமிழில் அழகாக அச்சடித்திருந்தது. தயாரிப்பு உரிம எண் இல்லை, தொகுதி எண் இல்லை, தயாரித்தவர் முகவரி இல்லை. நான் பார்க்காமல் இருந்தேனே தவிர, ஒளித்து வைக்கப்பட்டிருக்கவில்லை.

முதல் நாள் ஒன்று. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டேன். நாற்பது நிமிடத்தில் முகம் சிவந்து சுடத் தொடங்கியது, காதுமடல் கொதித்தது, மூக்கு அடைத்துக்கொண்டது, நெற்றிப்பொட்டில் தெறிக்கிற வலி. சுவர்க் கடிகாரத்தின் வெள்ளை முகம் சொட்டு நீலம் போட்டு வெளுத்த வேட்டிபோலத் தெரிந்தது. கண்ணைக் கசக்கிப் பார்த்தும் நீலம் போகவில்லை. கட்டிலை விட்டு எழுந்தபோது தலை சுற்றி அலமாரியைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் மருந்து வேலை செய்தது. அதை மறைத்துப் பயனில்லை. வேலை செய்ததால்தான் மற்றதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன்.

மறுநாள் தொலைபேசியில் சொன்னேன். "தலைவலியா? அடைபட்ட நாளமெல்லாம் திறந்துகொள்கிறது ஐயா, நல்ல அறிகுறி. இனி இரண்டாகப் போடுங்கள், சீக்கிரம் பழகிவிடும்."

நான்கு நாள் கழித்து இரண்டு போட்டேன். டாம்சுலோசினும் வழக்கம்போல உள்ளே போயிருந்தது. பதினொரு மணி வாக்கில் நெஞ்சில் பழைய இறுக்கம். சொல்லிக் கொடுத்தபடி சார்பிட்ரேட் ஒன்றை எடுத்து நாக்குக்கு அடியில் வைத்தேன். அது கரையும்போதே சிறுநீர் கழிக்க எழுந்தேன். கதவின் தாழ்ப்பாள் கைக்கு வந்தது நினைவிருக்கிறது. பிறகு தரையின் ஈரம், எங்கோ தூரத்திலிருந்து கூப்பிடுவதுபோல மனைவியின் குரல். 108-க்கு அழைத்தவள் அவள்தான்.

வண்டியில் பார்த்தபோது ரத்த அழுத்தம் 70-க்கு 40. காலைத் தூக்கி வைத்து, சலைன் ஏற்றி, மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். இரவுப் பணியில் இருந்த டாக்டருக்கு என் மகள் வயது இருக்கும். மனைவியைக் கோப்பு எடுத்துவர வெளியே அனுப்பிவிட்டுக் குனிந்து மெதுவாகக் கேட்டார்: "ஐயா, வேறு ஏதாவது மாத்திரை போட்டீர்களா? உறவுக்கென்று ஏதாவது? சொன்னால் எங்களுக்கு உதவியாக இருக்கும்."

"இல்லை" என்றேன்.

மகள் வயதுப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது என்ற கூச்சம். மூலிகைதானே, அது மாத்திரைக் கணக்கில் வராது என்ற சமாதானம். சாவு தலைமாட்டில் நிற்கும்போதுகூட மானத்தைத்தான் பார்த்தேன்.

ஒரு மணி நேரத்தில் அழுத்தம் 110-க்கு ஏறியது. நெஞ்சு வலி மட்டும் விடவில்லை. இசிஜியைப் பார்த்துவிட்டு, நைட்ரோகிளிசரின் சொட்டு மருந்து தொடங்கச் சொன்னார் டாக்டர். நெஞ்சு வலிக்கு அது வழக்கமான மருந்துதான். செவிலியர் பம்ப்பில் ஊசிக் குழாயைப் பொருத்தி, டியூபைத் தட்டிக் காற்றுக்குமிழை வெளியேற்றிக்கொண்டிருந்தார். 'நைட்ரோ' என்ற சொல் காதில் விழுந்ததும் ஏனோ உறைத்தது. ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளில், இந்த வகை மாத்திரையோடு சேர்க்கக் கூடாதவை என்று எதையோ அச்சடித்திருந்தது நினைவுக்கு வந்தது. "அம்மா, நிறுத்துங்கள். ஒரு கேப்ஸ்யூல் போட்டேன்... இரண்டு" என்றேன். செவிலியரின் கை அப்படியே நின்றது. டாக்டர் திட்டவில்லை. எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டு, கோப்பின் மேல் சிவப்பு மையில் எழுதி அடிக்கோடிட்டார். வலியை வேறு மருந்துகளால் சமாளித்தார்கள். நைட்ரேட் எதுவும் 48 மணி நேரத்துக்குக் கிடையாது என்றார்கள்.

மறுநாள் வந்த இதய மருத்துவர் விளக்கியதை எனக்குப் புரிந்த மொழியில் சொல்கிறேன். சார்பிட்ரேட், நைட்ரோகிளிசரின் போன்ற நைட்ரேட் மருந்துகள் உடலில் நைட்ரிக் ஆக்சைடாக மாறி, ரத்தக்குழாய்களைத் தளரவைக்கும் ஒரு வேதிப்பொருளைப் பெருக்குகின்றன. அந்த வேதிப்பொருளை அவ்வப்போது உடைத்து அளவோடு வைத்திருக்க ஒரு நொதி இருக்கிறது. வயாகரா என்று ஊரெல்லாம் அறிந்த சில்டெனாஃபில், அந்த நொதியின் கையைக் கட்டிப்போடுகிறது. வாய்க்கால் மதகைத் திறந்துவிட்டு, மூடுகிறவனையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டால் என்ன ஆகும்? உடம்பு முழுவதும் குழாய்கள் விரிந்துவிடுகின்றன, அழுத்தம் பாதாளத்துக்குப் போகிறது, ஏற்கெனவே ரத்தம் போதாத இதயத்துக்கு இன்னும் குறைகிறது. சில்டெனாஃபில் சாப்பிட்டால் 24 மணி நேரமும், அதே வகையில் உடலில் அதிக நேரம் தங்கும் டடாலாஃபில் என்றால் 48 மணி நேரமும் நைட்ரேட் கூடாது. என் கேப்ஸ்யூலில் இவற்றில் எதைக் கலந்திருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாததால் நீண்ட கெடுவையே எனக்கு வைத்தார்கள்.

"முகம் சிவந்ததா? மூக்கடைப்பு? நீலமாகத் தெரிந்ததா?" என்று அவரே வரிசையாகக் கேட்டார். நீலம் என்றதும் தலையை ஆட்டினார். விழித்திரையில் அந்த நொதிக்கு ஒரு பங்காளி உண்டாம். சில்டெனாஃபில் அதையும் கொஞ்சம் தொட்டுவிடும். டாம்சுலோசின், பிரசோசின் போன்றவையும் குழாய்களைத் தளர்த்துகிறவைதான், அதனால் முதல் நாளே தலை சுற்றியிருக்கிறது. அவற்றைச் சாப்பிடுகிறவர்களுக்குச் சில்டெனாஃபிலை 25 மில்லிகிராமில்தான் தொடங்குவார்களாம். நானோ எவ்வளவு என்றே தெரியாததை இரண்டு மடங்காக்கினேன்.

சில்டெனாஃபிலையே முதலில் நெஞ்சு வலிக்கென்றுதான் தேடினார்களாம். ஃபைசர் நிறுவனத்தின் இங்கிலாந்து ஆய்வுக்கூடத்தில் பிறந்து, வந்த வேலையில் சோபிக்காமல், சோதனையில் கலந்துகொண்ட ஆண்கள் சொன்ன 'பக்கவிளைவால்' வேறு வேலைக்குப் போய், 1998 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இதயத்துக்கென்று புறப்பட்டது என் இதயத்தில் வந்து முட்டிக்கொண்டு நின்றதைச் சொல்லி அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வர இரண்டு நாள் ஆனது.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியை அரசு மருத்துவமனையின் சித்தப் பிரிவுக்கு எடுத்துப் போனேன். சித்த மருத்துவத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். அங்கிருந்த மருத்துவர் என்னைவிடக் கொதித்தார். "அமுக்கராக் கிழங்கு நாற்பது நிமிடத்தில் எந்த வேலையும் செய்யாது. அப்படிச் செய்தால் அது அமுக்கரா இல்லை." தனியார் சோதனைக்கூடம் ஒன்றில் பணம் கட்டி இரண்டு கேப்ஸ்யூலைக் கொடுத்தேன். இரண்டிலும் சில்டெனாஃபில் இருந்தது. இரண்டிலும் அளவு வேறு வேறு. கையால் அள்ளிப் போட்டுக் கலக்கியிருப்பார்கள்போலும். இந்தத் தந்திரம் நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2007 முதல் 2016 வரை கலப்படம் என்று அறிவித்த 776 சத்துப்பொருள்களில் 353 பாலியல் வலிமைக்கென்று விற்கப்பட்டவை. என்னிடம் வாங்கிய கணக்குப்படி ஒரு கேப்ஸ்யூல் 153 ரூபாய். அதே மருந்தைச் சீட்டோடு கடையில் வாங்கினால் சில பத்து ரூபாய்தான்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "பத்தியம் இருந்தீர்களா? தயிர் சேர்த்தீர்களா?" என்றார் அந்தத் தொலைபேசி 'டாக்டர்'. சோதனை அறிக்கை கையில் இருக்கிறது என்றதும் குரல் மாறவில்லை, இன்னும் பணிவானது. "முகவரி இருக்கிறது ஐயா. உங்கள் அலுவலகத்துக்கே ஆள் அனுப்பி விளக்கச் சொல்லட்டுமா?" இதுதான் இவர்களுடைய மூலதனம். அமுக்கராவும் இல்லை, சில்டெனாஃபிலும் இல்லை. நாம் வெளியே சொல்ல மாட்டோம் என்பதை வைத்துத்தான் கடை நடக்கிறது. இப்படி விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டின் மாய நிவாரண விளம்பரத் தடைச் சட்டப்படி குற்றம் என்பதும் அவர்களுக்குத் தெரியாததல்ல.

மருந்து ஆய்வாளரிடம் புகார் கொடுத்திருக்கிறேன். மீதிக் கேப்ஸ்யூல்களையும் பெட்டியையும் பார்சல் உறையையும் தூக்கி எறியாமல் வைத்திருந்தது உதவியது; நீங்களும் எறியாதீர்கள். மருந்தால் வந்த பாதிப்பைப் பதிவு செய்ய மத்திய அரசின் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது.

இதய நோயாளி என்றால் இந்த மருந்தே ஆகாது என்று பயமுறுத்த நான் வரவில்லை. நைட்ரேட் தேவைப்படாதவர்கள், இதயம் தாங்குமா என்று பார்த்து, மருத்துவர் அளவு குறித்துக் கொடுத்துச் சாப்பிடுகிறார்கள். சேர்க்கை தெரியாமல் போடுவதில்தான் வினை. நெஞ்சு வலிக்குத் தரும் நிகோராண்டிலும் நைட்ரேட் மாதிரியே ஆபத்து. படர்தாமரைக்கு வாரக்கணக்கில் எழுதிக்கொடுக்கிறார்களே, இட்ராகோனசோல், அதுவும் கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகளும் எச்.ஐ.வி.க்கான ரிடோனவிரும் சில்டெனாஃபிலைக் கல்லீரல் கரைக்கவிடாமல் தடுத்து, அதன் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். பூஞ்சை மாத்திரைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று நானும்தான் நினைத்திருப்பேன். விறைப்பு நான்கு மணி நேரம் தாண்டினாலும், ஒரு கண் திடீரென்று மங்கினாலும், காது திடீரென்று அடைத்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அந்த நேரமே ஓட வேண்டும்.

இன்னொன்றையும் இதய மருத்துவர் சொன்னார், அதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. அந்த உறுப்பின் ரத்தக்குழாய்கள் இதயக் குழாய்களைவிடச் சிறியவை, அதனால் அடைப்பு முதலில் அங்கேதான் தலைகாட்டும். எனக்கு முதன்முதலில் தடுமாறியது ஸ்டென்ட் வைப்பதற்கு இரண்டு வருடம் முன்பு. வேலைக் களைப்பு என்று விட்டுவிட்டேன். அன்று சர்க்கரை டாக்டரிடம் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் நெஞ்சையும் பார்த்திருப்பார்கள்.

மனைவிக்கு கேப்ஸ்யூல் மேல் கோபமில்லை. "அந்தப் பெண் அவ்வளவு மெதுவாகக் கேட்டும் இல்லை என்றீர்களாமே" என்று ஒரு முறை கேட்டாள். இப்போது என் மருந்துகள் அத்தனையையும் தன் கையெழுத்தில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கிறாள்.

போன வாரம் புதிய எண்ணிலிருந்து அழைப்பு. எடுத்தது அவள். "பாதிக் கோர்ஸில் நிறுத்திவிட்டாரே அம்மா, ஆடித் தள்ளுபடி போகிறது" என்றார்களாம். அவள் குளிர்சாதனப் பெட்டியின் முன்னால் போய் நின்று, பட்டியலை மேலிருந்து நிதானமாகப் படிக்கத் தொடங்கினாள். நான்காவது பெயருக்கு வருவதற்குள் அந்தப் பக்கம் இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள்.