0-5, 4-0: ஹாதோர்னின் இரண்டு தொடக்கங்களும் ஆரம்பச் சுற்றுகளைப் படிக்கும் முறையும்

ஆஸ்திரேலிய ஃபுட்பால் லீக்கான ஏஎஃப்எல்லில் மெல்போர்ன் நகர அணியான ஹாதோர்னைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு 2024, 2025 இரண்டு சீசன்களும் சேர்ந்து ஒரு நல்ல பரிசோதனை ஆகிவிட்டன. முதல் வருஷம் தொடக்கத்தில் ஐந்து ஆட்டமும் தோற்று 0-5 (வெற்றி-தோல்வி). ஏழாம் சுற்று முடிவில் 1-6. அடுத்த வருஷம் நான்கில் நான்கும் வென்று 4-0. சீசன் முடிந்தபோது 2024-இல் 14 வெற்றி, ஏழாம் இடம். 2025-இல் 15 வெற்றி, எட்டாம் இடம். மார்ச், ஏப்ரலில் மண்ணும் விண்ணுமாகத் தெரிந்த இரண்டு அணிகள் ஆகஸ்ட் கடைசியில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தன.

ஹாதோர்னுக்கு மட்டும் வந்த விசித்திரம் இல்லை இது. பிரிஸ்பேன் 2024-இல் முதல் மூன்றையும் தோற்றது, கடைசியில் கிராண்ட் ஃபைனலில் சிட்னியை 60 புள்ளி வித்தியாசத்தில் அடித்துக் கோப்பையை எடுத்தது. அந்த சிட்னி முதல் 14 ஆட்டத்தில் 13 வென்ற அணி. மெல்போர்ன் 2021-இல் 9-0 என்று தொடங்கி சாம்பியன் ஆனது. 2022-இல் 10-0 என்று தொடங்கி, ஃபைனல்ஸில் (முதல் எட்டு அணிகள் ஆடும் இறுதிக் கட்டம்) இரண்டே ஆட்டத்தில் வெளியேறியது. நார்த் மெல்போர்ன் 2016-இல் ஒன்பதும் வென்று, முடிக்கும்போது எட்டாம் இடம். ஆக, முதல் ஆறேழு வாரம் புள்ளிப் பட்டியலை என்ன செய்வது? எதைப் பார்ப்பது?

முதலில் பட்டியலின் கோளாறு. ஓப்பனிங் ரவுண்ட் 2024-இல் வந்ததிலிருந்து, சில அணிகள் மற்றவர்களுக்கு ஒரு வாரம் முன்பே ஒரு ஆட்டம் ஆடிவிடுகின்றன. அதற்கு ஈடாக அடுத்த சில வாரங்களுக்குள் அவற்றுக்கு ஓய்வு வாரம் வரும். அதனால் மார்ச் மாதப் பட்டியலில் மூன்று ஆட்டம் ஆடிய அணியும் நான்கு ஆட்டம் ஆடிய அணியும் கலந்து நிற்கும். இடத்தைப் பார்க்காதீர்கள், ஆடிய ஆட்டங்கள், தோல்விகள் என்ற இரண்டு பத்தியை மட்டும் பாருங்கள். 2025-இல் இது இன்னும் குழம்பியது. ஆல்ஃபிரட் புயலால் குயின்ஸ்லாந்தில் நடக்க வேண்டிய இரண்டு தொடக்க ஆட்டங்களும் தள்ளிப்போயின. சிட்னி ஸ்வான்ஸை அதன் ஊரிலேயே வென்ற ஹாதோர்ன் அந்த வாரம் பட்டியலின் இரண்டாம் இடத்தில் மினுங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

அடுத்தது பெர்சென்டேஜ். அடித்த புள்ளியை வாங்கிய புள்ளியால் வகுத்து நூறால் பெருக்குவது; வெற்றிகள் சமமானால் இதுதான் இடத்தைத் தீர்மானிக்கும். ஆரம்பத்தில் இது கன்னாபின்னாவென்று ஆடும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்: மூன்று ஆட்டம் முடிந்து ஒரு அணி 240 அடித்து 300 வாங்கியிருக்கிறது, 80 சதவீதம். நான்காவதில் 100-60 என்று வென்றால் 340-க்கு 360, ஒரே மாலையில் 94.4. அதே வெற்றி 20 ஆட்டம் முடிந்து 1700-க்கு 1700 என்று நிற்கும் அணிக்குக் கிடைத்தால் 100-லிருந்து 102.3, அவ்வளவுதான். ஆகவே ஆறாம் சுற்று வரை பெர்சென்டேஜை மொத்தமாகப் படிக்கக் கூடாது. ஒவ்வொரு ஆட்டத்தின் வித்தியாசத்தையும் தனித்தனியே எழுதி, மிகப் பெரியது ஒன்றை நீக்கிவிட்டு மீதியைப் பாருங்கள். ஹாதோர்ன் 2024-இல் முதல் சுற்றில் எசெண்டனிடம் 24 புள்ளியில் தோற்றது, இரண்டாவதில் மெல்போர்னிடம் 55, நான்காவதில் அடிலெய்டு கேதர் ரவுண்டில் (எல்லா அணியும் ஒரே வாரம் அங்கே கூடி ஆடும் சுற்று) காலிங்வுட்டிடம் வெறும் 5. பட்டியலில் எல்லாம் ஒரே பூஜ்யம்தான். ஆனால் 55-இல் விழுந்த அணியும் 5-இல் விழுந்த அணியும் ஒன்றல்ல.

ஃபிக்ஸ்சர், அதாவது யாரோடு எப்போது ஆட்டம் என்ற அட்டவணை பற்றி ரசிகர்கள் சொல்லும் சமாதானத்தை நான் பாதிதான் ஏற்பேன். கணக்கு இது: 23 ஆட்டம், 17 எதிரணிகள்; ஆறு அணிகளோடு இரண்டு முறை மோத வேண்டும், அந்த ஆறு யார் என்பதில் முந்தைய வருஷ இடத்துக்குப் பங்கு உண்டு. 2023-இல் 16-ஆம் இடத்தில் முடித்த ஹாதோர்னுக்கு 2024-இல் இது சற்று சாதகம்தான். ஆனால் "ஆரம்பம் கஷ்டமான ஃபிக்ஸ்சர், அதனால்தான் 0-5" என்று அன்று சொன்னதைச் சீசன் முடிந்தபின் சரிபார்த்தால் நிற்கவில்லை. தோற்கடித்த ஐந்து அணிகளில் (எசெண்டன், மெல்போர்ன், ஜீலாங், காலிங்வுட், கோல்ட் கோஸ்ட்) ஃபைனல்ஸ் போனது ஜீலாங் ஒன்றுதான். கோல்ட் கோஸ்டுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு தரலாம்: அந்த வருஷம் அது சொந்த மண்ணில் புலி, வெளியூரில் பூனை, ஹாதோர்ன் போனது அதன் சொந்த மண்ணுக்கு. மறுபக்கம் 2025-இன் 4-0-வையும் அதே தராசில் வையுங்கள். வென்ற நான்கு அணிகளில் சிட்னி, எசெண்டன், கார்ல்டன் மூன்றும் ஃபைனல்ஸுக்கு வரவில்லை. டாஸ்மேனியாவின் லான்செஸ்டனில் வீழ்த்திய ஜிடபிள்யூஎஸ் (சிட்னியின் இன்னொரு அணி) மட்டும் வந்தது. உடனே அடுத்து கேதர் ரவுண்டில் போர்ட் அடிலெய்டிடம் அடி. சிக்கல் என்னவென்றால் எந்த எதிரணி பலமானது என்பது ஏப்ரலில் யாருக்கும் தெரியாது. போன வருஷப் பட்டியலை வைத்துக்கொண்டு இந்த வருஷ எதிரணியை எடைபோடுவதுதான் ஆரம்பச் சுற்று அலசல்களில் நடக்கும் பெரிய தவறு.

அப்படியானால் 0-5-ஐ விளக்கியது எது? யார் களத்தில் இல்லை என்பது. இதில்தான் நேரம் செலவிட வேண்டும்.

வில் டே 2023-இன் பீட்டர் கிரிமின்ஸ் பதக்கம் (ஹாதோர்னின் வருஷ சிறந்த வீரருக்கானது) வாங்கியவர், அணியின் சிறந்த மிட்ஃபீல்டர். பாதக் காயத்தால் 2024-இன் ஆரம்ப வாரங்களில் இல்லை. ஜேம்ஸ் பிளாங்க் சீசன் தொடங்கும் முன்பே ஏசிஎல் (முழங்கால் தசைநார்) கிழிந்து வருஷம் முழுக்க வெளியே. எதிரணியின் உயரமான ஃபார்வர்டைப் பிடிக்க வேண்டிய ஆள் அவர். மிட்ச் லூயிஸ் உயர ஃபார்வர்டு, அந்த வருஷம் ஆடியதே ஒருசில ஆட்டங்கள். முதுகெலும்பாக நிற்க வேண்டிய மூன்று இடத்திலும் ஓட்டை. இதோடு மாபியோர் சோல், ஜாக் ஜின்னிவன், மாசிமோ டாம்ப்ரோசியோ மூவரும் அந்த வருஷம்தான் வேறு அணிகளிலிருந்து வந்தவர்கள், குள்ளமான நிக் வாட்சன் (170 செ.மீ.) முதல் வருஷக்காரர். பெயர்களாகப் பார்த்தால் நல்ல பட்டியல், ஒன்றாக ஆடிய நிமிஷங்களாகப் பார்த்தால் கிட்டத்தட்டப் பூஜ்யம்.

இது களத்தில் எப்படித் தெரியும்? இன்சைட் 50 எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் தெரியாது. பந்து எதிரணி கோலைச் சுற்றிய 50 மீட்டர் வளைவுக்குள் எத்தனை முறை போனது என்பதோடு, உள்ளே போன பந்தில் எத்தனை மார்க் (உதைத்த பந்தைக் கீழே விழாமல் பிடிப்பது) ஆனது, தரையில் விழுந்த பந்தை எதிரணி எவ்வளவு சீக்கிரம் வெளியே கொண்டுபோனது என்று சேர்த்துப் பார்க்க வேண்டும். உயரமான ஆள் மார்க் எடுக்காவிட்டாலும் பந்தைத் தரைக்குக் கொண்டுவந்தால் போதும், சின்ன ஃபார்வர்டுகள் அங்கே மொய்த்துக்கொள்வார்கள். அந்த உயர ஆள் இல்லாதபோது எதிரணியின் டிஃபெண்டர் யாரும் இடையூறு செய்யாமல் மார்க் எடுத்து, அடுத்த மூன்று உதையில் மறுகோடியில் கோல் விழும். 2024-இன் பின்பாதியில் சோல் நிலைத்து, பிரிஸ்பேனிலிருந்து திரும்பிவந்த ஜாக் கன்ஸ்டனும் நடுவில் அறிமுகமான கால்ஷர் டியரும் உயரத்தைப் பகிர்ந்துகொண்டபோது, அதே ஜின்னிவனும் வாட்சனும் டிலன் மூரும் திடீரென்று 'ஹாக்பால்' (ஹாதோர்னின் துள்ளலான ஆட்டத்துக்கு ரசிகர்கள் வைத்த பெயர்) ஆனார்கள். மூர் அந்த வருஷம் ஆல்-ஆஸ்திரேலியன், அதாவது லீக்கின் சிறந்த வீரர்கள் அணியில் இடம். சின்னவர்கள் மாறவில்லை, பந்து விழுந்த இடம்தான் மாறியது. அந்த 1-6-க்குப் பிறகு அணி ஆடிய 16 ஆட்டத்தில் 13 வெற்றி.

இதை டிவியில் பிடிப்பது கஷ்டம். கேமரா பந்தை விட்டு நகராது. மைதானத்துக்குப் போகிறவர்கள் எம்சிஜியில் (மெல்போர்ன் கிரிக்கெட் மைதானம்) பக்கவாட்டு இருக்கைக்கு ஆசைப்படாமல் கோல் கம்பங்களுக்குப் பின்னால் மேல்தளத்தில் உட்காருவது நல்லது. ஆட்டத்தின் நான்கு கால் பாகங்களில் ஒன்று முழுக்கப் பந்தைப் பார்க்காதீர்கள். எதிரணி பிஹைண்ட் (கோல் தப்பி, பக்கத்துக் கம்பங்களுக்கு இடையே போவது) அடித்து, நம் அணி கிக்-இன் (பந்தை மீண்டும் ஆட்டத்துக்குள் உதைப்பது) எடுக்கும்போது மற்ற 17 பேர் எங்கே நிற்கிறார்கள், உதைத்தவருக்கு எத்தனை வழி திறந்திருக்கிறது என்று பாருங்கள். பந்து நேராகப் பக்கக்கோட்டோரக் கூட்டத்துக்கே போய்க்கொண்டிருந்தால் அணி இன்னும் ஒருங்கிணையவில்லை என்று அர்த்தம். நடுவழியாக இரண்டு ஹேண்ட்பால், ஒரு உதையில் வெளியேறினால், ஸ்கோர் என்னவாக இருந்தாலும் கவலை வேண்டாம்.

ஸ்கோர் எழுதும் முறையிலேயே ஒரு துப்பு இருக்கிறது. கோல் 6, பிஹைண்ட் 1. 2024-இன் முதல் ஆட்டத்தில் சிட்னி 12.14 (86), மெல்போர்ன் 9.10 (64). மொத்தம் உதைத்த வாய்ப்பு 26-க்கு 19. இந்தக் கூட்டல்தான் முக்கியம். குறி தப்புவது வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கும். வாய்ப்பு உண்டாக்குவது அவ்வளவு ஆடாது. 9.15 அடித்து 12.5-இடம் தோற்ற அணி (69-77) அடுத்த வாரமே திருப்பி எழலாம். அதே சமயம் எல்லா பிஹைண்டும் ஒன்றல்ல: கோட்டோரத்திலிருந்து நெருக்கடியில் உதைத்தவையா, 30 மீட்டரில் நேரெதிரே நின்று தவறவிட்டவையா என்று பாருங்கள். முதல் வகை அதிகமென்றால் அது துரதிர்ஷ்டம் இல்லை, ஃபார்வர்டு அமைப்பு சரியில்லை.

சூழலையும் கழிக்க வேண்டும். மார்ச் இரவில் குயின்ஸ்லாந்தில் ஈரப்பதத்தால் பந்து சோப்புக் கட்டிபோல் வழுக்கும். பிரிஸ்பேனின் கபா மைதானத்திலோ கோல்ட் கோஸ்டிலோ மார்க் நழுவியதை வைத்து ஒரு உயர ஃபார்வர்டைத் திட்டுவது நியாயமில்லை. லான்செஸ்டனில் காற்று அடித்தால், கால் பாகத்துக்குக் கால் பாகம் ஸ்கோர் ஏறி இறங்குவதைக் கொண்டு எதையும் முடிவுசெய்ய முடியாது.

வார நடைமுறை இது. செவ்வாய்க்கிழமை காயப் பட்டியல் வரும். தலையில் அடிபட்டு கன்கஷன் என்று இருந்தால் குறைந்தது 12 நாள், அதாவது அடுத்த ஆட்டம் நிச்சயம் இல்லை. 'டெஸ்ட்' (உடல்தகுதிச் சோதனை) என்று போட்டிருந்தால் பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். 'டிபிசி' (திரும்பும் தேதி இன்னும் உறுதியாகவில்லை) என்று வாரக் கணக்கில் நீண்டால் எலும்பு விவகாரமாக இருக்கலாம், கிளப் சொல்லும் தேதியை நம்ப வேண்டாம். வில் டேயின் பாதம் 2025-இலும் திரும்பப் படுத்தியது. வியாழன் மாலை அணித் தேர்வு. வந்தவர், போனவர் பெயரோடு நின்றுவிடாமல், உயர ஆள் போய் உயர ஆள் வந்தாரா என்று பாருங்கள். உயரமானவருக்குப் பதில் ஓட்டக்காரரை எடுத்திருந்தால் பயிற்சியாளர் சாம் மிட்செல் அமைப்பையே மாற்றுகிறார் என்று பொருள். அதோடு ரிசர்வ் அணியான பாக்ஸ் ஹில் ஹாக்ஸின் விஎஃப்எல் (ஏஎஃப்எல்லுக்கு அடுத்த நிலை லீக்) ஆட்டத்தையும் ஒரு கண் பார்த்து வைத்தால், அடுத்த மூன்று வாரத்தில் யார் மேலே வருவார் என்று ஓரளவு தெரியும். ஜெய் நியூகம்பை மறக்க வேண்டாம். அவர் பாக்ஸ் ஹில்லில் ஆடிக்கொண்டிருந்து, 2021-இல் சீசன் நடுவில் நடந்த டிராஃப்டில் (புது வீரர் தேர்வு) வந்தவர்.

எட்டாம் சுற்றுக்குப் பிறகு பட்டியலை நம்பத் தொடங்கலாம் என்பது என் கணிப்பு. அதற்கும் முழு உத்தரவாதம் இல்லை: கார்ல்டன் 2022-இல் 8-2 என்று இருந்து ஃபைனல்ஸைத் தவறவிட்டது, 2023-இல் 13 ஆட்டத்துக்குப் பிறகு 4-8-1 என்று கிடந்து, பிரிலிமினரி ஃபைனல் (கிராண்ட் ஃபைனலுக்கு முந்தைய ஆட்டம்) வரை போனது.

இவ்வளவும் சொன்னபிறகு ஒரு எச்சரிக்கை. ஆரம்ப வெற்றி அணியைப் பற்றி அதிகம் சொல்லாது என்பதால் அதற்கு மதிப்பில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மார்ச் வெற்றிக்கும் நான்கு புள்ளி, ஆகஸ்ட் வெற்றிக்கும் நான்கு புள்ளி. 2024-இல் 14 வெற்றி ஹாதோர்னுக்கு ஏழாம் இடம் தந்தது. 2025-இல் அதே 14 வெற்றியோடு வெஸ்டர்ன் புல்டாக்ஸ் ஒன்பதாவதாக நின்று வீட்டுக்குப் போனது. புல்டாக்ஸின் பெர்சென்டேஜ் ஹாதோர்னைவிட உயர்ந்தது. அந்த 4-0-வில் ஒன்றே ஒன்று தோல்வியாகியிருந்தால் எட்டாவது புல்டாக்ஸ், ஒன்பதாவது ஹாதோர்ன். அடிலெய்டை அதன் ஊரிலேயே வீழ்த்திய செமி ஃபைனலும் இல்லை, ஜீலாங்குக்கு எதிரான பிரிலிமினரி ஃபைனலும் இல்லை. 2026 முதல் ஏழிலிருந்து பத்து வரை உள்ள அணிகளுக்கு வைல்டுகார்டு ஆட்டம் என்று லீக் அறிவித்திருப்பதால் 0-5-இல் கிடக்கும் அணிக்கு வாசல் இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறக்கிறது. ஆனால் ஏழாவது, எட்டாவது இடத்தில் முடிப்பவருக்குக் கூடுதலாக ஒரு வாழ்வா சாவா ஆட்டம். ஆறாம் இடத்துக்கும் ஏழாம் இடத்துக்கும் நடுவில் இனி இடைவெளி பெரிது. அதைத் தாண்டத் தேவைப்படும் ஒரு வெற்றி ஏப்ரலிலேயே கைநழுவியிருக்கலாம்.