பி சைடு கேட்காமல் ஆல்பத்துக்கு மார்க் போடாதீர்கள்

முதல் மூன்று பாட்டை மட்டும் கேட்டுவிட்டு ஆல்பத்துக்கு மார்க் போடுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. முதல் மூன்று பாட்டு எல்லாருக்குமே நன்றாகத்தான் வரும், கம்பெனியும் ரேடியோவும் அதைத்தான் கேட்கும் என்று தெரிந்து நல்ல சரக்கை அங்கேயே இறக்கி வைத்திருப்பார்கள். தட்டைத் திருப்பிப் போட்டபிறகு என்ன இருக்கிறது என்பதுதான் என் கணக்கு. நம் ஊர் கேசட் காலத்திலேயே இந்தச் சந்தேகம் எனக்கு வந்துவிட்டது: ஏ சைடில் நாம் ஆசைப்பட்டு வாங்கிய படம், பி சைடில் யாரும் கேட்காத இன்னொரு படம், இரண்டுக்கும் சேர்த்து ஒரே விலை. அதனால் கீழே வருகிற அபிப்பிராயமெல்லாம் பி சைடு பக்கமாகச் சாய்ந்துதான் இருக்கும். ஜாஸ், ராக், இளையராஜா, கவ்வாலி, ராப், மெட்டல் என்று கலந்துகட்டி வரும், வரிசை எதுவும் கிடையாது.

எல்லாருக்கும் தெரிந்ததிலிருந்தே தொடங்குவோம். மைக்கேல் ஜாக்சனின் "த்ரில்லர்", 1982. இதன் ஏ சைடு சுமார் ரகம்தான். முதல் பாட்டு அருமை, சரி. அதற்கப்புறம் வருகிற "பேபி பி மைன்" வந்ததும் தெரியாது போனதும் தெரியாது. பால் மெக்கார்ட்னியோடு சேர்ந்து பாடிய "தி கேர்ள் இஸ் மைன்" இரண்டு பெரிய ஆட்கள் ஒரு பெண்ணுக்காகச் செல்லச் சண்டை போடுகிற அசட்டுப் பாட்டு. தலைப்புப் பாட்டை வீடியோ பார்க்காமல் காதால் மட்டும் கேட்டுப் பாருங்கள், பாதி பலம் போய்விடும். திருப்பிப் போட்டால் "பீட் இட்", "பில்லி ஜீன்", "ஹியூமன் நேச்சர்" என்று அடுத்தடுத்து மூன்று! இப்படி ஒரு பி சைடை யார் வைப்பார்கள்? "பில்லி ஜீன்" தொடங்கும்போது டிரம்ஸும் பேஸும் கீபோர்டும் மட்டுமே அரை நிமிடத்துக்கு ஓடும், குரலுக்கு அவசரமே இல்லை.

இதில் இன்னொரு சமாசாரமும் உண்டு. ஆல்பத்தை முடித்துப் போட்டுக் கேட்டபோது ஒலி மெலிந்து கிடந்ததாம், காரணம் ஒவ்வொரு பக்கத்திலும் அளவுக்கு மீறி நிமிடங்களை அடைத்திருந்தார்கள். எல்பியில் ஒரு பக்கம் இருபது நிமிடத்தைத் தாண்டிப் போகப் போக ஊசி ஓடுகிற தடங்களை நெருக்கி வெட்ட வேண்டியிருக்கும், நெருக்கினால் சத்தமும் பேஸும் அடிவாங்கும். தயாரிப்பாளர் குயின்ஸி ஜோன்ஸ் பாட்டுகளின் நீளத்தைக் குறைத்து ஒவ்வொன்றாக மறுபடி மிக்ஸ் செய்ய (தனித்தனியாகப் பதிந்த ஒலிகளை அளவு பார்த்துக் கலக்க) வைத்தார். கடைசிப் பாட்டான "தி லேடி இன் மை லைஃப்" ஒரு சரணத்தைப் பறிகொடுத்தது இப்படித்தான். அந்தப் பாட்டுக்கு அது நல்லதுதான் என்பது என் கருத்து.

ஜாஸ் என்றால் மைல்ஸ் டேவிஸின் "கைண்ட் ஆஃப் ப்ளூ" என்று எல்லாருமே சொல்வார்கள், நானும் அதைத்தான் சொல்வேன், வேறு வழியில்லை. 1959இல் நியூயார்க்கில், மார்ச் 2, ஏப்ரல் 22 என்று இரண்டே நாள் பதிவு. எல்லாரும் கொண்டாடுவது முதல் பாட்டான "ஸோ வாட்". ஆனால் இந்தத் தட்டின் ஏ சைடுக்கு ஒரு வேடிக்கையான கோளாறு உண்டு. முதல் நாள் பதிவில் டேப் மெஷின் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது, அதைச் சரியான வேகத்தில் ஓட்டித் தட்டாக்கியதும் சுருதி ஒரு நூலிழை ஏறிவிட்டது. "ஸோ வாட்" உட்பட அந்தப் பக்கத்தின் மூன்று பாட்டும் வெகுகாலம் இப்படி ஏறிய சுருதியிலேயே விற்றன, 1992இல்தான் இன்னொரு மெஷினில் எடுத்து வைத்திருந்த டேப்பிலிருந்து திருத்தினார்கள். பி சைடில் இந்தத் தொல்லை கிடையாது. அங்கே இரண்டே உருப்படி, "ஆல் ப்ளூஸ்", "ஃப்ளமெங்கோ ஸ்கெட்சஸ்". இரண்டாவதில் ஐந்து ஸ்கேல்கள், ஒவ்வொரு கலைஞரும் ஒவ்வொன்றிலும் தனக்குப் போதும் என்று தோன்றும்வரை நின்று வாசித்துவிட்டு அடுத்ததற்கு நகரலாம். கார்டு (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) மாற்றத்தைத் துரத்தி ஓடுகிற ஜாஸ் நமக்கு முதலில் பிடிபடாது, இது பிடிபடும். ஆலாபனை கேட்டு வளர்ந்த காதுக்கு ஒரே ஸ்வரக் கூட்டத்துக்குள் நின்று தேடுவது புதிதில்லையே. சாக்ஸ் வாசிக்கிற ஜான் கோல்ட்ரேன் வரும் இடத்தில் மட்டும் கொஞ்சம் சத்தம் கூட்டி வையுங்கள். ஜாஸ் பழகாதவர்கள் பி சைடிலிருந்தே தொடங்கலாம், தப்பே இல்லை.

இந்தப் பதிவு நடந்த கொலம்பியா கம்பெனியின் 30ஆம் தெரு ஸ்டூடியோ ஒரு பழைய சர்ச் கட்டடம். 1955இல் க்ளென் கூல்ட் என்கிற கனடாக்கார இளைஞர் பாக் எழுதிய "கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்" பியானோவில் வாசித்துப் பதிந்ததும் அங்கேதான், 1981இல் மறுபடி அதையே பதிந்ததும் அங்கேதான். முதல் பதிவு ஏறக்குறைய 38 நிமிடம், இரண்டாவது 51 நிமிடம். எல்லாரும் அந்த இளவயதுப் பாய்ச்சலைத்தான் புகழ்வார்கள், எனக்கு 1981தான். பாக் 30 வேரியேஷன்களில் 16ஆவதை ஓர் ஓவர்ச்சர் (தொடக்க இசை) போல அமைத்து, இரண்டாம் பாதி இங்கே தொடங்குகிறது என்று தானே கதவைத் திறந்து வைத்திருக்கிறார், அதற்கப்புறம் 25ஆவதில் அந்த மைனர் ஸ்கேலின் கனம். இளம் கூல்ட் அந்த இடத்தை அழகாக வாசிக்கிறார், 1981 கூல்ட் அதில் இருக்கிறார். கூடவே முனகிக்கொண்டே வாசிப்பார், அது சிலருக்கு எரிச்சல். கச்சேரியில் வித்வான் "ம்" என்று தன்னை மறந்து இழுப்பதை ரசிக்கிற நமக்கு அதெல்லாம் ஒரு குறையா!

ராக் பக்கம் வந்தால், பி சைடுக்காகவே நான் கும்பிடுகிற ஆல்பம் டேவிட் போயியின் "லோ", 1977. ஏ சைடில் குட்டிக் குட்டிப் பாட்டுகள், சில பாட்டு தொடங்கிச் சூடு பிடிக்கும்போதே தேய்ந்து மறைந்துவிடும். திருப்பினால் பேச்சு கிட்டத்தட்ட நின்றே போய்விடுகிறது. பிரையன் ஈனோவோடு சேர்ந்து செய்த "வார்சாவா" என்ற உருப்படியில் போயி பாடுவது எந்த மொழியும் இல்லை, சும்மா ஒலிகள். அன்றைக்கு ஹிட் எதிர்பார்த்து உட்கார்ந்திருந்த ரெக்கார்டு கம்பெனிக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தாலே சிரிப்பு வருகிறது. இதற்கு நேர் எதிர் க்ராஃப்ட்வெர்க்கின் "ஆட்டோபான்" (1974). ஏ சைடு முழுக்க ஒரே பாட்டு, 22 நிமிடத்துக்கு மேல், ஜெர்மன் நெடுஞ்சாலையில் கார் ஓடுகிற சுகம். பி சைடில் நாலு துண்டுகள், மீந்துபோனவை. அவ்வளவுதான் அதைப் பற்றி.

பீட்டில்ஸின் "ஆபி ரோடு" (1969) பி சைடைப் பற்றி நிறைய பேர் நிறைய எழுதிவிட்டார்கள். முடிக்காமல் கிடந்த பாட்டுத் துணுக்குகளை ஒட்டி ஒரே நீளப் பாட்டாக ஆக்கியிருக்கிறார்கள், ஒட்டிய இடம் தெரிகிறது, தெரிந்தால் என்ன? "தி எண்ட்" பாட்டில் ரிங்கோவின் டிரம்ஸ் தனி முடிந்ததும் பால், ஜார்ஜ், ஜான் மூவரும் முறை வைத்து மாறி மாறி கிட்டார் வாசிக்கிற இடத்துக்காக ஏ சைடின் "மேக்ஸ்வெல்ஸ் சில்வர் ஹாமர்" என்ற தலைவலியை மன்னித்துவிடலாம். அதே ஆபி ரோடு ஸ்டூடியோவில் பதிந்த பிங்க் ஃப்ளாய்டின் "தி டார்க் சைட் ஆஃப் தி மூன்" (1973) பற்றி நான் சொல்வது நண்பர்களுக்குப் பிடிக்காது: ஏ சைடு கடைசியில் க்ளேர் டோரி வார்த்தையே இல்லாமல் கதறிப் பாடுகிறாரே, அதோடு ஆல்பத்தின் உச்சம் முடிந்தது. அந்தப் பதிவுக்கு அவருக்குக் கிடைத்தது வெறும் 30 பவுண்டு. 2004இல் வழக்குப் போட்டு, 2005இல் சமரசம் ஆனபிறகுதான் இசையமைப்பில் அவர் பெயரும் சேர்ந்தது. பி சைடில் "அஸ் அண்ட் தெம்" ஒன்று போதும், "மனி" எனக்கு எப்போதோ சலித்துவிட்டது.

இனி நம் வீட்டு ஆல்பம். இளையராஜாவின் "ஹவ் டு நேம் இட்", 1986. தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கை என்று போட்டு வந்தது. பாலு மகேந்திராவின் "வீடு" படம் பார்த்தவர்களுக்கு ஆல்பம் பெயர் தெரியாவிட்டாலும் இசை தெரிந்திருக்கும், படத்தின் பின்னணிக்கு இதிலிருந்துதான் எடுத்தார்கள். வி.எஸ்.நரசிம்மனின் வயலின்தான் இதில் நாயகன். தலைப்புப் பாட்டைத்தான் எல்லாரும் போடுவார்கள், நான் ஆல்பத்தின் பின்பாதிக்கு வரச் சொல்வேன். "ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்" உருப்படியில் பாக் தனி வயலினுக்கு எழுதிய ஈ மேஜர் பார்டிடாவின் ப்ரெலூடு (முதல் பகுதி) அப்படியே ஓடிக்கொண்டிருக்க, அதன் மேலே ராஜா தன் பங்குக்கு வேறு தந்திகளை ஏற்றி விடுகிறார். எடுத்தாள்வது வேறு, ஈயடிச்சான் காப்பி வேறு என்று வாதம் செய்கிறவர்கள் இதைக் கேட்டுவிட்டு வாதம் செய்யட்டும். குறை இல்லாமல் இல்லை: சில இடங்களில் டிரம்ஸ் சத்தம் அந்த எண்பதுகளின் வாடையை விடவே விடாது, வயலின்கள் தாங்களே தாளத்தைச் சுமந்துகொண்டு போகும்போது அது எதற்கு என்று தோன்றும். இரண்டு வருடம் கழித்து ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு வந்த "நத்திங் பட் விண்ட்" இதைவிட இனிமை. இதைவிடத் துணிச்சல் என்று சொல்ல மாட்டேன்.

"சக்தி" குழுவின் முதல் ஆல்பத்தைக் கேட்காமல் ஃப்யூஷன் பிடிக்காது என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. 1975இல் நியூயார்க் மாகாணத்து சவுத்தாம்ப்டன் கல்லூரியில் நேரடிக் கச்சேரியாகப் பதிந்து அடுத்த வருடம் வெளிவந்தது. ஜான் மெக்லாஃப்லின் கிட்டார், எல்.சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபேலா, விக்கு விநாயகராம் கடம், ராமநாதபுரம் ராகவன் மிருதங்கம். ஏ சைடில் "ஜாய்" என்று பதினெட்டு நிமிடப் பேயாட்டம், அப்புறம் மூச்சு வாங்க "லோட்டஸ் ஃபீட்". பி சைடில் ஒரே ஒரு உருப்படி, 29 நிமிடம்! குயின்ஸி ஜோன்ஸ் பயந்த அந்த இருபது நிமிடக் கணக்கை யாரும் சட்டை செய்யவில்லை. ஏ சைடோடு நிறுத்துவது விருந்தில் சாம்பாரோடு எழுந்து போகிற மாதிரி, ஏனென்றால் தபேலாவும் கடமும் ஒன்றையொன்று சீண்டுகிற சுகம் முழுதாக விரிவது அந்த 29 நிமிடத்தில்தான். தனி ஆவர்த்தனம் வந்ததும் காப்பி குடிக்க எழுந்து போகிற சபா ரசிகர்களுக்கு இந்தத் தட்டைப் பரிசாகக் கொடுக்கலாம்.

நுஸ்ரத் ஃபதே அலி கானின் "மஸ்த் மஸ்த்" (1990) எனக்கு ஏமாற்றம். குரலைச் சொல்லவில்லை, அந்தக் குரலைக் குறை சொல்ல நான் யார். கனடாக்காரர் மைக்கேல் ப்ரூக் கிட்டாரும் கீபோர்டும் சேர்த்து எல்லாவற்றையும் நாலைந்து நிமிடத்துக்குக் கத்தரித்துவிட்டார். கவ்வாலி மெல்லத் தொடங்கி, ஒரே அடியைத் திரும்பத் திரும்பச் சொல்லி, கைதட்டல் ஏறி, இருபது நிமிடத்தில் ஆளைத் தூக்குகிற கலை, அதற்கு நேரம் கொடுக்காமல் என்ன பயன். புதியவர்களுக்கு வாசல், அதற்கு மேல் இல்லை. அவருடைய நேரடிக் கச்சேரிப் பதிவு ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

சிடி வந்து, அப்புறம் ஸ்ட்ரீமிங் வந்து, பக்கம் என்பதே ஒழிந்தபிறகு ஆல்பங்கள் கொழுத்துவிட்டன. கென்ட்ரிக் லமாரின் "டு பிம்ப் எ பட்டர்ஃப்ளை" (2015) கிட்டத்தட்ட 79 நிமிடம். இவ்வளவு நீளத்துக்கு உரிமை உள்ள ராப் ஆல்பம் இது. தண்டர்கேட்டின் பேஸ், கமாசி வாஷிங்டனின் சாக்ஸ் என்று ஜாஸ் ஆட்கள் உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஊரே பாடிய "ஆல்ரைட்" ஏழாவது பாட்டு, முதல் பாதியிலேயே முடிந்துவிடும். நான் கேட்கச் சொல்வது பின்பாதியில் வருகிற "ஹவ் மச் எ டாலர் காஸ்ட்". தென்னாப்பிரிக்காவில் பெட்ரோல் பங்க்கில் ஒருவர் ஒரு டாலர் கேட்கிறார், இவர் தர மறுக்கிறார், கடைசியில் கேட்டவர் கடவுள். அடியார் வேடத்தில் சிவன் வந்து சோதிக்கிற பெரியபுராணக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவருக்கு இந்தப் பாட்டு உடனே ஒட்டிக்கொள்ளும், ஆனால் நம் நாயன்மார்கள் சோதனையில் தேறிவிடுவார்கள், இவர் தோற்றுவிடுகிறார், பாட்டின் வலிமையே அதுதான். ஆல்பம் முழுக்க ஒரு கவிதை பாட்டுக்குப் பாட்டு ஒன்றிரண்டு வரி கூடிக்கொண்டே போகும், அதனால் ஷஃபிளில் போட்டால் நாசம். அடெல் 2021இல் கேட்டுக்கொண்டபிறகு ஸ்பாட்டிஃபை ஆல்பம் பக்கத்தில் ஷஃபிளை முதல் தேர்வாக வைப்பதை மாற்றியது, அந்த ஒரு காரியத்துக்காகவே அடெலின் பாட்டு பிடிக்காத நானும் அவருக்கு நன்றி சொல்கிறேன்.

கடைசியாக மெட்டல். மெட்டாலிகாவின் "மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்" (1986), பி சைடு, "ஓரியன்". எட்டு நிமிடத்துக்கு மேல், பாடலே இல்லை, நடுவில் எல்லாம் அடங்கி க்ளிஃப் பர்ட்டனின் பேஸ் மட்டும் தனியாக நடந்துவரும். அந்த வருட செப்டம்பரிலேயே ஸ்வீடனில் பஸ் விபத்தில் போய்விட்டார், வயது 24. அடுத்த ஆல்பமான "அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்" (1988) பாட்டுகளாகப் பார்த்தால் மோசமில்லை, ஆனால் புதிதாக வந்த ஜேசன் நியூஸ்டெட்டின் பேஸை மிக்ஸில் அமுக்கிவிட்டார்கள், எவ்வளவு விலை கொடுத்து ஹெட்ஃபோன் வாங்கினாலும் தேடித்தான் பிடிக்க வேண்டும். 2018இல் ரீமாஸ்டர் (முடிந்த பதிவின் ஒலியை மெருகேற்றுவது) என்று திரும்ப விட்டபோதும் மிக்ஸைத் தொடவில்லை. அதனால் அந்தப் புதுப் பதிப்புக்கு மறுபடி காசு கொடுக்காதீர்கள், பழையதே இருந்தால் போதும்.