டக்ளஸா, மால்கம் எக்ஸா: எதை முதலில் படிக்கலாம்?

வாசிப்பில் இப்போதுதான் இறங்கும் ஒருவருக்கு ஒரு தன்வரலாற்றைத் தேர்ந்து தர வேண்டியிருந்தது. ஃபிரடெரிக் டக்ளஸ் 1845-இல் வெளியிட்ட தன் அடிமை வாழ்க்கைக் கதையையும், கறுப்பின உரிமைப் போராளி மால்கம் எக்ஸ் தன் வாழ்க்கையைச் சொல்ல அலெக்ஸ் ஹேலி எழுதி 1965-இல் வந்த நூலையும் எடுத்து வைத்துப் பார்த்தேன். டக்ளஸைத்தான் கொடுத்தேன்.

இருவரும் கறுப்பின அமெரிக்கர்கள், அடைபட்ட இடத்தில் தாமாகவே படித்து மேலே வந்தவர்கள் என்பது தெரிந்ததே. மால்கமின் சிறை அத்தியாயத்தில் வேகம் அதிகம். அகராதியின் முதல் பக்கத்தை நிறுத்தற்குறி உட்பட அப்படியே பார்த்து எழுதுகிறார். அதற்கே ஒரு நாள் போகிறது. இரவு 10 மணிக்கு விளக்கு அணைந்தபின் நடைவழி வெளிச்சத்தில் படிப்பு; காவலரின் காலடி கேட்டதும் கட்டிலில் பாய்ந்து தூங்குவதுபோல் பாவனை. எழுத்து நடைக்காக இரண்டில் எதற்கும் கூடுதல் மதிப்பெண் போடவில்லை. மால்கமின் நூலில் ஹேலியின் கை எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் ஆகாது.

டக்ளஸுக்கு அகராதியும் இல்லை, நூலகமும் இல்லை. பால்டிமோரில் எஜமானி அரிச்சுவடி சொல்லிக்கொடுக்கிறார், கணவர் தடுத்துவிடுகிறார். அடிமை படித்தால் அடிமையாக இருக்கமாட்டான் என்று அவர் அஞ்சுவதைக் கேட்டதும், எதைக் கற்க வேண்டும் என்பது சிறுவனுக்குத் தெளிவாகிவிடுகிறது. வெளியே போகும்போது ரொட்டி எடுத்துச் சென்று, பசித்த வெள்ளைக்காரச் சிறுவர்களுக்குக் கொடுத்துப் பாடம் கேட்கிறான். எழுதக் கற்றது கப்பல் பட்டறையில்: இடப்பக்க மரத்தில் 'எல்', வலப்பக்க மரத்தில் 'எஸ்' என்று தச்சர்கள் குறிப்பதைப் பார்த்து. பாடம் சொன்ன சிறுவர்களின் பெயரை டக்ளஸ் வெளியிடவில்லை. அடிமைக்கு எழுத்தறிவித்தது அவர்களுக்குச் சங்கடமாகிவிடும் என்கிறார். அந்த ஒரு வரியே அக்காலத்தைக் கண்முன் நிறுத்திவிடுகிறது.

ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது வேறொன்று: படித்தபின் என்ன ஆயிற்று என்பது. சிறையில் இருந்தபடியே அதுவரை அறியாத விடுதலையை உணர்ந்ததாக மால்கம் சொல்கிறார். டக்ளஸ் நேர்மாறு. அடிமையும் எஜமானும் வாதிடும் உரையாடல் ஒன்றைப் பன்னிரண்டு வயதுவாக்கில் திரும்பத் திரும்பப் படிக்கிறார். தன் நிலை முழுதாகப் புரிகிறது. தப்பும் வழி மட்டும் தெரியவில்லை. படித்தது வரமல்ல, சாபமோ என்று தோன்றுகிறது. எழுத்தறியாத சக அடிமைகளைப் பார்த்துப் பொறாமைப்படுகிறார். வாசிப்பைப் போற்றும் எத்தனையோ பேர் இந்தக் கட்டத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். டக்ளஸ் அங்கே நின்று, வலியை வலியென்றே எழுதுகிறார். புதிதாகப் படிக்க வருபவருக்கும் மனம் கனக்கும் நாள் வரும். அன்று இந்தப் பக்கங்கள் துணை நிற்கும்.

ஏற்கெனவே படித்துப் பழகி, இடையில் கை தளர்ந்தவர் கேட்டிருந்தால் யோசிக்காமல் மால்கமைக் கொடுத்திருப்பேன். அந்த அகராதிப் பக்கங்களைப் படித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பது கடினம்.