அம்ப்ராஸ் கோட்டை: பிலிப்பினாவின் குளியலறைக்காகவே போகலாம்

ஆஸ்திரியாவில் இன்ஸ்ப்ரூக் போகிறவர்கள் அம்ப்ராஸ் கோட்டைக்கு அரை நாளாவது ஒதுக்குங்கள். நான் முதலில் ஒரு சுற்றுலாக் குழுவோடு போனேன், அவர்கள் கொடுத்தது நாற்பதே நிமிடம். கவசங்களையும் ஸ்பானிய மண்டபத்தையும் காட்டிவிட்டுப் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். மனசு ஆறவில்லை. மறுநாள் தனியாக டிக்கெட் எடுத்துத் திரும்பவும் போனேன்.

அந்த 43 மீட்டர் நீள மண்டபம் அழகுதான். ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது மேல்கோட்டையில் இருக்கும் குளியலறை. மரப்பலகை அடித்த அறை, தரையில் பள்ளம் எடுத்து இறக்கிய செப்புத் தொட்டி, ஒன்றரை மீட்டருக்கும் கூடுதல் ஆழம். உள்ளே இறங்கி நின்றால் தலைதான் வெளியே தெரியும். 16-ஆம் நூற்றாண்டில் ஒரு பெண் தினசரி வாழ்ந்த இடம் இவ்வளவு முழுசாக மிஞ்சியிருப்பது அபூர்வம், கம்பி பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அந்தப் பெண் பிலிப்பினா வெல்சர், 1527-ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க்கில் பிறந்தவர். அவர் வீட்டார் பெரும் வணிகர்கள், 1505-ல் இந்தியாவுக்குக் கிளம்பிய போர்ச்சுகீசியக் கப்பல்களில் மிளகுக்காகப் பணம் போட்டவர்கள். அவ்வளவு காசு இருந்தும் பேரரசர் மகனுக்கு மனைவியாகிற தகுதி அவருக்கு இல்லை என்பதுதான் அன்றைய கணக்கு. அதனால் 1557-ல் அந்த மகனான, ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்து ஆர்ச்டியூக் (இளவரசர்) ஃபெர்டினான்டோடு நடந்த கல்யாணம் ரகசியக் கல்யாணம். மாமனாருக்குத் தெரிந்து மன்னித்தபோதும், வெளியே மூச்சு விடக்கூடாது, பிள்ளைகளுக்கு ஹாப்ஸ்பர்க் வாரிசுரிமை கிடையாது என்றுதான் நிபந்தனை. பெற்ற பிள்ளைகளையே கோட்டை வாசலில் கண்டெடுத்த குழந்தைகள் என்று ஊருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. எனக்கு அதைப் படிக்கும்போது தொண்டை அடைத்தது. அந்த ரகசியத்திலிருந்து போப்பின் விடுதலை கிடைத்தது 1576-ல்தான், பத்தொன்பது வருஷம் கழித்து. அடுத்த நாலே வருஷத்தில் அவர் இறந்துவிட்டார்.

1564-ல் ஃபெர்டினான்ட் இந்தக் கோட்டையை பிலிப்பினா பேருக்கே எழுதிக்கொடுத்தார். மூலிகை வளர்த்தது, வந்தவர்களுக்கு மருந்து கொடுத்தது, மனு கொண்டுவந்தவர்களுக்காகப் பரிந்து பேசியது எல்லாம் இங்கேதான். அவருடைய கையெழுத்துச் சமையல் புத்தகமும் இந்தக் கோட்டைத் தொகுப்பில்தான் இருக்கிறது. சிவப்பு ஒயின் குடித்தால் தொண்டையில் இறங்குவது தெரியுமாம், அவர் தோல் அவ்வளவு வெளுப்பாம். கதைதான், ஆனால் அவர் அழகைப் பற்றி மட்டும் பேசிவிட்டு மருந்துப் பெட்டியை மறந்துவிடுகிற வழிகாட்டிகள் மேல் எனக்கு வருத்தம் உண்டு.

கூட்டத்தோடு போகாதீர்கள். குளியலறையை முதலில் பாருங்கள், மண்டபம் அப்புறம். சாயங்காலம் ஊருக்குள் ஹோஃப்கிர்ஷே தேவாலயத்தின் வெள்ளிச் சிற்றாலயத்துக்கும் போய்விடுங்கள். பிலிப்பினா அங்கே பளிங்கில் படுத்திருக்கிறார். ஃபெர்டினான்ட் பிறகு ஓர் இளவரசியை மணந்தார், ஆனாலும் அவர் கல்லறை இருப்பது பிலிப்பினா இருக்கும் அதே சிற்றாலயத்தில்தான். ஃபெர்டினான்டின் கவசம் சுவரில் உயரத்தில் மண்டியிட்டபடி இருக்கிறது.