முயல் தோல் பலகையில ஆப்பு சிக்குற பிரச்சனை: ரொம்ப நாளா யூஸ் பண்ணதுல தெரிஞ்சது

கடலூர்ல முயல் வளர்க்குறவங்களுக்கு சொல்றேன், தோல தூக்கி போடாதீங்க. எங்கிட்ட சோவியத் சின்சில்லா, ஒயிட் ஜெயண்ட்னு ரெண்டு முயல் இனமும் இருக்கு, ரெண்டுமே முடி அடர்த்தி அருமையா இருக்கும்.

வயித்த கிழிக்காம தோல கையுறை மாதிரி உருவி, முடி உள்பக்கம் போற மாதிரி காய வைக்குற பலகையில மாட்டிட்டு, வயித்துப் பக்கமா பலகைக்கும் தோலுக்கும் நடுவுல நீளமா ஒரு ஆப்பு சொருகணும். காயக் காய தோல் சுருங்கி பலகைய இறுக்கிப் புடிக்கும், ஆப்ப உருவுனாத்தான் எடம் கெடைச்சு கழண்டு வரும். அந்த ஆப்பே வரலன்னா என்ன பண்றது?

மொதல்ல பிளைவுட் ஆப்பு யூஸ் பண்ணேன், வெயில் காலத்துல ஓகே, ஐப்பசி கார்த்திகை மழையில ஓரமெல்லாம் ஊதி அசையவே மாட்டேங்குது. மரம் நீளத்துல அவ்வளவா ஊதாது, குறுக்கதான் ஊதும், ஆப்புல நமக்கு பிரச்சனையே அந்த தடிமன்தானே. அப்புறம் பண்ருட்டி மரவாடியில தேக்கு துண்டு வாங்கி இழைச்சு, உப்புத்தாள் போட்டு, மெழுகுவர்த்திய நல்லா தேச்சு வெச்சேன், இன்னிக்கு வரைக்கும் அதான் ஓடுது. எண்ணெய் மட்டும் தடவாதீங்க, முடியெல்லாம் கறையாயிடும்.

ஆப்போட தடிச்ச முனை தோலுக்கு வெளிய ஒரு சாண் நீட்டிக்கிட்டு இருக்கணும், அதுல ஒரு ஓட்டை போட்டு வைங்க. சிக்குச்சுன்னா நேரா இழுக்காதீங்க, மரச்சுத்தியால இடம் வலமா லேசா தட்டுங்க, கிறீச்னு ஒரு சத்தம் வரும், அப்ப புடி விட்டுருச்சுன்னு அர்த்தம். அப்புறம் ஓட்டையில கம்பிய சொருகி அந்த கம்பி மேல வெளிப்பக்கமா தட்டுனா சுகமா வந்துரும், முடியும் வால் பக்கமாதான் படிஞ்சிருக்கும்ங்கறதால தடுக்காது. ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்புறத பாத்தா எனக்கு வயிறு எரியும், காஞ்ச தோல் பேப்பர் மாதிரி கிழிஞ்சிரும். ரொம்ப காஞ்சு போச்சுன்னா அடி ஓரத்துல மட்டும் ஈரத்துணி சுத்தி கொஞ்ச நேரம் விடுங்க, எளகிரும்.

இன்னொன்னு, பலகையில காய வைக்குற தோலுக்கு நம்ம ஊர்ல உப்பு போடாதீங்க. காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்த தாண்டுனா உப்பு தண்ணி விட ஆரம்பிச்சிரும், கடலோரத்துல அதெல்லாம் சாதாரணம், தோலும் காயாது ஆப்பும் ஊதிக்கிட்டே இருக்கும். கொழுப்ப சுத்தமா வழிச்சு எடுத்துட்டு நிழல்ல ஃபேன் காத்துல வைங்க, அதுவே போதும்.