ஷினோபி (1987): கடைசி மிஷனில் காசு செல்லாது

2025 ஆகஸ்டில் ‘ஷினோபி: ஆர்ட் ஆஃப் வெஞ்சன்ஸ்’ என்ற வீடியோ கேம் வந்தாலும் வந்தது, அதை முடித்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: “பழைய ஆர்கேட் ஷினோபியை இப்ப எடுத்தா தாக்குப்பிடிக்குமா?” அவர்கள் கேட்பது 1987-இல் செகா நிறுவனம் ஆர்கேடுக்கு, அதாவது காசு போட்டு ஆடும் பெட்டிக்கு, வெளியிட்ட நிஞ்சா ஆட்டத்தை. அது தாக்குப்பிடிக்கும். கேட்பவர் தாக்குப்பிடிப்பாரா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

நாம் ஆடும் நிஞ்சா ஜோ முசாஷி, எதிரிகளான ஜீட் கும்பல், அவர்கள் கடத்திய குழந்தைகள் என்ற கதையெல்லாம் தெரிந்ததுதான். ஐந்து மிஷன். முதலாவதில் மூன்று ஸ்டேஜ், மற்றவற்றில் நாலு நாலு, ஆக 19. கட்டுப்பாட்டுக்கு ஒரு ஜாய்ஸ்டிக், மூன்று பட்டன். ஒரு குண்டு பட்டாலே உயிர் போய்விடும். இத்தனை வருஷம் கழித்தும் இந்த ஆட்டத்தைப் பற்றிப் பேச வைப்பது அந்த மூன்றில் ஒரு பட்டன்தான்.

அது தாக்கும் பட்டன். எதிரி தூரத்தில் இருந்தால் ஷுரிகன் என்ற எறி நட்சத்திரம் பறக்கும், பக்கத்தில் இருந்தால் அதே பட்டனுக்குக் குத்தோ உதையோ விழும். எது என்பதை நம் விரல் முடிவு செய்வதில்லை, இடைவெளிதான் முடிவு செய்கிறது. ஷுரிகனுக்குக் கணக்கே இல்லை, எத்தனை வேண்டுமானாலும் வீசலாம். அப்புறம் எதற்குக் கிட்டப் போய் உதைக்க வேண்டும்? ஒரு ஸ்டேஜை ஷுரிகனே வீசாமல் முடித்தால் 20,000 புள்ளி போனஸ் கிடைக்கும். எதிரிகளை மொத்தமாகத் தாக்கும் நிஞ்சுட்சு மந்திரத்தைத் தொடாமல் முடித்தால் வெறும் 5,000. செகா எதை வித்தை என்று மதித்தது என்பது இந்த இரண்டு எண்ணிலேயே தெரிகிறது.

செய்து பார்த்தால்தான் இதன் கஷ்டம் புரியும். 1-1-இல், அதாவது முதல் மிஷனின் முதல் ஸ்டேஜில், துப்பாக்கிக்காரன் ஒருவன் எதிரே நிற்கிறான். குனிந்தால் குண்டு தலைக்கு மேலே போகும். எழுந்து நாலு எட்டு நடக்க வேண்டும், அடுத்த குண்டுக்கு மறுபடி குனிய வேண்டும், மறுபடி நடக்க வேண்டும். இப்போது அடிக்கலாம் என்று தோன்றும் அந்த நேரத்தில் அரை அடி முன்னாலேயே பட்டனைத் தொட்டுவிட்டால் கையிலிருந்து ஷுரிகன் பறந்துவிடும். எதிரி செத்துவிடுவான், கூடவே 20,000-மும் போய்விடும். தண்டனையே கிடையாது, ஆட்டம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். வயிற்றெரிச்சல் மட்டும் மிச்சம்.

அரை அடி தாமதித்தால் வேறு வினை. எதிரியின் உடம்பில் மோதினால் சாவதில்லை, பின்னால் தள்ளப்படுவோம். சாகவில்லையே என்று நிம்மதியடைய வேண்டாம். தள்ளப்பட்டு விழும் இடத்தில் இன்னொருவனின் குண்டு வந்துகொண்டிருக்கும், இல்லையென்றால் மேடையின் விளிம்பு இருக்கும்.

குழந்தைகளுக்குக் காவல் நிற்கும் வாள்காரனிடம் இன்னும் பொறுமை வேண்டும். கையில் வாள் இருக்கும்வரை ஷுரிகனைத் தடுத்துவிடுவான். அந்த வாளைப் பூமராங் போல அவனே வீசுவான். அது போய்த் திரும்பி வருவதற்குள் இருக்கும் இடைவெளிதான் நமக்கு. விட்டால் அடுத்த வீச்சுவரை காத்திருக்க வேண்டும். ஸ்டேஜுக்கு மூன்றே நிமிஷம் என்பதால் அப்படிக் காத்திருப்பதும் இலவசமில்லை. எல்லாக் குழந்தைகளையும் மீட்காமல் ஸ்டேஜ் முடியாது, அதனால் அவனைத் தாண்டிக் குதித்து ஓடிவிடவும் முடியாது. சில குழந்தைகளை மீட்டால் தூரத்துக்குத் துப்பாக்கியும் கிட்டத்துக்கு வாளும் கிடைக்கும். ஒரு தடவை செத்தால் இரண்டும் போச்சு.

இதுவரை புகழ்ந்ததை எல்லாம் ஐந்தாவது மிஷன் கெடுக்கிறது. நாலாவது மிஷன் முடியும்வரை காசு போட்டுத் தொடரலாம். ஐந்தாவதில் கன்டின்யூ கிடையாது. பையில் எவ்வளவு காசு இருந்தாலும் செல்லாது. உயிர் தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது, திரும்ப 1-1-இலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நியாயமாகப் பார்த்தால் இதற்கு ஒரு தர்க்கம் உண்டு: காசைக் கொட்டி யாரும் கடைசி பாஸை, அதாவது மிஷன் முடிவில் வரும் பெரிய எதிரியை, பார்த்துவிடக் கூடாது. அந்த முகமூடி நிஞ்சா நம்முடைய மந்திரங்களையே நம்மேல் ஏவுபவன். அவன் யார் என்று தெரியும் இடம் உழைத்து வந்தவனுக்குத்தான் என்று வைத்திருக்கிறார்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பழகாத இடத்தை எப்படிப் பழகுவது? 5-1-ஐ ஒரு தடவை பார்க்கவே முந்தின 15 ஸ்டேஜையும் தாண்டியாக வேண்டும். மனப்பாடம் செய்தால்தான் பிழைக்க முடியும் என்று ஆட்டத்தை அமைத்துவிட்டு, கடைசிப் பாடத்துக்கு மட்டும் புத்தகத்தைப் பூட்டி வைப்பது அழும்பு.

இதைச் சமாளிக்க ஒரு குறுக்கு வழி இருக்கிறது, கௌரவமானதில்லை. நாலாவது மிஷன் பாஸ் லாப்ஸ்டர் முன்னால் ஒரே உயிரோடு நின்றால் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். செத்து, காசு போட்டு, முழு உயிரோடு வந்து அவனை முடியுங்கள். அதற்கு அப்புறம் வரும் போனஸ் ஸ்டேஜில் ஜெயித்தால் இன்னும் ஒரு உயிர். ஒவ்வொரு மிஷனுக்குப் பின்னும் வரும் அந்த போனஸ் ஸ்டேஜை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் கண் வழியாகப் பார்க்கும் காட்சி, எதிரே மேடை மேடையாகத் தாவி வரும் நிஞ்சாக்கள். ஒருவன் நம்மிடம் வந்து சேர்ந்தாலும் முடிந்தது. பின்வரிசையில் தாவுபவனைத் துரத்திக்கொண்டிருக்காமல் முன்மேடைக்கு வந்துவிட்டவனை முதலில் அடியுங்கள். ஷுரிகன் அங்கே போய்ச் சேரக் கொஞ்ச நேரம் எடுக்கும், அதனால் அவன் இருக்கும் இடத்துக்கு வீசாமல் போகும் இடத்துக்கு வீச வேண்டும்.

எதில் விளையாடுவது? போனின் தொடுதிரையில் வேண்டவே வேண்டாம். மேல் தளத்துக்குத் தாவ மேலே தள்ளிக்கொண்டே ஜம்ப் அழுத்த வேண்டும், இறங்கக் கீழே தள்ளிக்கொண்டே ஜம்ப். மேலே தள்ளியது ஒரு கணம் பிந்திப் பதிவானாலும் தளம் மாறாமல் நின்ற இடத்திலேயே சாதாரண ஜம்ப் போகும், நேராகக் குண்டுக்குள். நல்ல டி-பேடோ (கன்ட்ரோலரின் நாலு திசைப் பட்டன்) ஜாய்ஸ்டிக்கோ இருந்தால் சரி. டிவியில் தாமதத்தைக் குறைக்கும் கேம் மோடை ஆன் செய்யாமல் விளையாடிவிட்டு ஆட்டத்தைத் திட்டாதீர்கள். ஒரு ஃபிரேம், அதாவது திரையில் வரும் ஒரு படம், 16, 17 மில்லிசெகண்ட்தான், ஆனால் அதுபோல் நாலைந்து தாமதமானால் மேலே சொன்ன அரை அடிக் கணக்கெல்லாம் பொய்யாகிவிடும். பழைய ஆட்டங்களைக் கணினியில் ஓட்டும் எமுலேட்டரில் டிப் ஸ்விட்ச் மெனுவை (ஆர்கேட் போர்டின் அமைப்புகளை) திறந்தால் எதிரியின் குண்டு வேகத்தை மெதுவாக்கலாம், உயிர் எண்ணிக்கையையும் மாற்றலாம். பழகும்போது வேகத்தைக் குறையுங்கள், உயிரைக் கூட்டாதீர்கள். உயிர் நிறைய இருந்தால் கை கற்றுக்கொள்ளாது.

2020-இல் நின்டெண்டோ ஸ்விட்சுக்கு வந்த செகா ஏஜஸ் பதிப்புதான் எளிதான வழி. எம்2 என்ற நிறுவனம் செய்தது, வேலையில் குறை சொல்ல முடியாது. அதில் சேவ் ஸ்டேட் இருக்கிறது, ஆட்டத்தை எந்த இடத்திலும் சேமித்துத் திரும்ப அங்கிருந்தே தொடரலாம். 5-1 வாசலில் ஒன்றைப் போட்டு வைத்துப் பழகுங்கள், ஐந்தாவது மிஷன் மீதான என் கோபத்துக்கு மருந்து அதுதான். செகாவின் வீட்டுக் கன்சோலான மாஸ்டர் சிஸ்டம் பதிப்பு வேறு ஆட்டம். அதில் உயிர்க்கோடு இருக்கிறது, ஒரே அடியில் சாவதில்லை. நல்ல ஆட்டம்தான், ஆனால் அந்தப் பயம் இல்லை.

ஆர்கேட் பெட்டிக்குள் இருக்கும் அசல் சர்க்யூட் போர்டையே வாங்கப் போகிறவர்களுக்கு மட்டும் இது. ஷினோபி ஓடுவது செகா சிஸ்டம் 16 என்ற ஆர்கேட் போர்டில். சில போர்டுகளில் முக்கிய சிபியு சாதாரண 68000 சிப் இல்லை, எஃப்டி1094 என்ற பூட்டுப் போட்ட வகை; புரோகிராம் மறைகுறியாக இருக்கும். அதைப் படிக்கும் சாவி உள்ளே ரேமில் இருக்கிறது, அதை உயிரோடு வைத்திருப்பது ஒரு 3 வோல்ட் லித்தியம் பேட்டரி. பேட்டரி தீர்ந்தால் சாவி அழிந்துவிடும், திரையில் ஆட்டம் வராது. ஒலிக்கு இருக்கும் இசட்80 சிப்பும் சில போர்டுகளில் இதே ரகம்தான். அது செத்தால் ஆட்டம் ஊமையாக ஓடும். “படம் வருது, சத்தம்தான் வரல, ஆம்ப்ளிஃபயர் போயிருக்கும்” என்று விற்பவர் சொன்னால் நம்பாமல் இதைப் பாருங்கள். பேட்டரியைக் கழற்றி மாற்றலாம் என்று கை வைத்தால் கழற்றிய நொடியே எல்லாம் முடிந்தது. சரியான வழி, மறைகுறி நீக்கிய புரோகிராமை இப்ராம் என்ற நினைவகச் சிப்பில் எழுதி, சாதாரண 68000-ஐ அந்த இடத்தில் போடுவது. அதற்கப்புறம் பேட்டரியே தேவையில்லை.

என் தீர்ப்பு கேட்டால், வேண்டாம், எடுக்காதீர்கள். புது ஷினோபியில் கை பழகியவருக்கு இது முதல் பத்து நிமிஷத்திலேயே கடுப்பேற்றும். ஐந்தாவது மிஷன் அநியாயம், அதில் மாற்றுக் கருத்தில்லை. அதையும் மீறி எடுத்தால், முதல் மிஷனில் மர்லின் மன்றோ படங்கள் ஒட்டிய சுவரைக் கடக்கும்போது ஷுரிகன் வீசாமல் போய்ப் பாருங்கள். ஸ்டேஜ் முடிந்து அந்த 20,000 ஏறினால் எனக்கும் சொல்லுங்கள்.