ஜர்னல் எல்லாம் வந்துவிட்டது, லாகின் மட்டும் வரமாட்டேன் என்கிறது

தோழி ஒருத்தியின் தங்கை இந்த வருடம் எங்கள் விலங்கியல் துறையிலேயே பிஎச்டி சேர்ந்திருக்கிறாள். “அக்கா, ஒரே நாடு ஒரே சந்தா வந்தாச்சே, ஜர்னல் எல்லாம் ஃப்ரீதானே, இன்னும் எதுக்கு லைப்ரரி பின்னாடி அலையிறீங்க?” என்று கேட்டிருந்தாள். அரசுப் பல்கலைக்கழகங்களுக்காக மத்திய அரசே ஆய்விதழ்களுக்குச் சந்தா கட்டும் திட்டம் அது. வாட்ஸப்பில் பதில் அடிக்க ஆரம்பித்து அது நீண்டுகொண்டே போனதால் இங்கே எழுதுகிறேன். எங்களுடையது மாநில அரசுப் பல்கலைக்கழகம். பெயர் வேண்டாம், நான் இன்னும் தீசிஸ் கொடுக்கவில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், கோபம் வந்தால் விட்டுப்போகும். முன்பெல்லாம் எங்களுக்குக் கிடைத்தது பாதிக்கு மேல் சுருக்கம் மட்டும்தான். முழுக் கட்டுரை வேண்டுமென்றால் எழுதியவருக்கே மெயில் போடணும், இல்லை ஐஐடியில் படிக்கும் யாரையாவது கெஞ்சணும். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்து, 2025-லிருந்து மூன்று வருடத்துக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், கிட்டத்தட்ட 13,000 இதழ்கள் என்று திட்டம் வந்தபோது நான் நம்பவில்லை. ஆனால் வந்தது. கேம்பஸ் வைஃபையில் உட்கார்ந்து கிளிக் செய்தால் பிடிஎஃப் திறக்கிறது. நாலாயிரம் ரூபாய் கேட்ட கட்டுரை சும்மா திறப்பதைப் பார்க்கிற சுகத்துக்காகவே தேவையில்லாததை எல்லாம் இறக்கி வைத்திருக்கிறேன்.

கேம்பஸ் வைஃபையில் என்று சொன்னேன் பாருங்கள், வில்லங்கம் அங்கேதான். உள்ளே இருந்தால் பல்கலைக்கழக இணைய இணைப்பின் அடையாள எண்ணான ஐபி முகவரியைப் பார்த்தே பதிப்பகம் கதவைத் திறந்துவிடும். வீட்டிலிருந்தால் நாம் யார் என்று நிரூபிக்கணும். ராத்திரி பத்து மணிக்கு ஒரு கட்டுரை கிடைக்கிறது. நிறுவனம் வழியாக நுழைய என்ற பட்டனை அழுத்தினால் நிறுவனத்தின் பெயரைக் கேட்கிறது. பட்டியலில் எங்கள் பல்கலைக்கழகம் இரண்டு எழுத்துக்கூட்டலில் இருக்கிறது, அதில் ஒன்றுதான் வேலை செய்யும். அப்புறம் எங்கள் ஊர் லாகின் பக்கம், கடவுச்சொல், கோணல்மாணலான கேப்சா. எல்லாம் சரியாகி உள்ளே போனால் நான் கேட்ட கட்டுரை இல்லை, அந்த ஜர்னலின் முகப்புப் பக்கம் வந்து நிற்கிறது! மறுபடி தலைப்பைத் தேடிப் பிடித்து பிடிஎஃப்பை அழுத்தினால், நீங்கள் எந்த நிறுவனம் என்று முதலிலிருந்து கேட்கிறது. இடையில் சாப்பிடப் போய்விட்டு வந்தால் மொத்தமாக வெளியே தள்ளிவிடும். இதெல்லாம் போதாதென்று செமஸ்டருக்கு ஒருமுறை கடவுச்சொல் காலாவதி ஆகும், அதைப் புதுப்பிக்க நேரில் போய்ப் படிவம் நிரப்பணும். வீட்டிலிருந்து படிப்பதற்கான கடவுச்சொல்லை நேரில் வந்து வாங்கு என்று சொல்ல எப்படித்தான் மனசு வந்ததோ. இதற்கு நான் கண்ட ஒரே வைத்தியம், கட்டுரையின் டிஓஐ எண்ணை (ஒவ்வொரு கட்டுரைக்கும் இருக்கும் நிரந்தர அடையாள எண்) முதலிலேயே ஒரு நோட்பேடில் ஒட்டி வைத்துக்கொண்டு, லாகின் ஆனதும் அதே டேபில் அதைப் போட்டுத் திறப்பது. சில நாள் வேலை செய்யும்.

இனி தேடுவது எப்படி என்பதற்கு வருகிறேன். உயிரியல் என்றாலே பப்மெட் என்ற கட்டுரைத் தேடல் தளத்தைத்தான் எல்லாரும் சொல்வார்கள். மரபணு, நோய், உடலியல் என்றால் சரி, 3.7 கோடிக்கு மேல் பதிவுகள், இலவசம், மெஷ் என்ற தலைப்புச்சொல் ஏற்பாடு வேறு. ஆனால் எந்த ஏரியில் எந்த மீன் இருந்தது என்று கேட்டால் அது பெரும்பாலும் கையை விரிக்கும், ஏனென்றால் அந்தத் தகவல் வெளிவந்த சின்ன இதழ்கள் பல அதன் கணக்கிலேயே இல்லை. இந்த வேலைக்கென்றே 1864-ஆம் ஆண்டு வெளியீடுகளிலிருந்து ஜூவாலஜிகல் ரெக்கார்ட் என்ற விலங்கியல் கட்டுரை அட்டவணை இருக்கிறது, எங்கள் நூலகத்தில் கிடையாது. விடுங்கள்.

என்னைப் போல மீன் ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு இன்னொரு தலைவலி, பெயர் மாறிக்கொண்டே இருப்பது. வால் பக்கம் கரும்புள்ளி உள்ள கெண்டை ஒன்று, 1844-இல் லூசிஸ்கஸ் பிலமென்டோசஸ், இந்திய மீன்களைப் பற்றிப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரிய புத்தகம் போட்ட பிரான்சிஸ் டே எழுதிய காலத்தில் பார்பஸ், அப்புறம் ரொம்ப வருடம் புன்டியஸ், 2012-லிருந்து டாகின்சியா. நம்ம ஜிலேபி மீனும் அப்படித்தான்: டிலாப்பியா, சாரோதெரோடான், இப்போது ஓரியோகுரோமிஸ் மொசாம்பிகஸ். இன்றைய பெயரை மட்டும் போட்டால் சமீபத்திய கட்டுரைகள்தான் வரும். கலிபோர்னியா அறிவியல் கழகம் நடத்தும் எஷ்மேயரின் மீன் பட்டியல் இலவசம். முதலில் அங்கே போய்ப் பழைய பெயர்களையெல்லாம் பொறுக்கிக்கொண்டு, நடுவில் ‘ஆர்’ (OR, அதாவது ‘அல்லது’) போட்டு நூலகத் தேடலில் கொடுத்தால் எழுபதுகளின் கட்டுரைகள் எழுந்து வரும். டேயின் புத்தகத்துக்குச் செலவே வேண்டாம், பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி என்ற இலவச இணைய நூலகத்தில் படத்தோடு ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள்.

பழசு எதற்கு என்று கேட்கலாம். உடலியலில் அறுபது வருடப் பழைய கட்டுரையை இன்று பெரிதாக யாரும் தொடுவதில்லை. ஆனால் மேட்டூர் அணை கட்டி முடித்தது 1934, ஜிலேபி இந்தியாவுக்கு வந்தது 1952. அந்த இடைப்பட்ட வருடங்களில் வலையில் என்ன விழுந்தது என்பதை நான் இன்று போய் வலை போட்டுத் தெரிந்துகொள்ள முடியுமா? யாராவது அன்றைக்கு எழுதி வைத்திருந்தால்தான் உண்டு. அந்தக் காகிதங்களில் ஒரு பங்கு எங்கள் நூலகத்தின் கீழ்த்தளத்தில் பைண்டு செய்த தொகுதிகளாக இருக்கிறது, முதுகில் எழுத்து உதிர்ந்து, வரிசை கொஞ்சம் கலைந்து. அங்கே ஒன்றைத் தேடப் போய்ப் பக்கத்துத் தொகுதியில் எனக்கு வேண்டிய இன்னொன்று கிடைத்தது, கணினித் தேடலில் எந்தப் பெயரைக் கொடுத்தும் அகப்படாதது. ஃபோட்டோ எடுத்துக்கொள்ளலாம், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. இல்லாத தொகுதியை ரெஃபரன்ஸ் பிரிவு மேடத்திடம் சொன்னால் வேறு நூலகத்துக்கு எழுதி ஸ்கேன் வரவழைத்துத் தருகிறார். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் சோத்கங்கா தளத்தில் தீசிஸை அத்தியாயம் அத்தியாயமாகத் தனி பிடிஎஃப்பாகத்தான் போட்டிருப்பார்கள், முதலில் கடைசியில் இருக்கும் மேற்கோள் பட்டியலைத் திற, பழைய தமிழ்நாட்டுக் கட்டுரைகளுக்கு அதைவிட நல்ல வழிகாட்டி இல்லை என்று சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். அந்த ஒரு யோசனைக்கே அவருக்கு நன்றிப் பக்கத்தில் இடம் உண்டு.

இவ்வளவு புகழ்ந்த பிறகும் எங்கள் நூலகத்துக்கு ஐந்துக்கு இரண்டு மதிப்பெண்தான் கொடுப்பேன். நேற்று ராத்திரி அந்த லாகின் என்னை மறுபடி வெளியே தள்ளாமல் இருந்திருந்தால் நாலு. ஆகவே தங்கச்சி, லைப்ரரி பின்னாடி அலையத்தான் வேண்டும். லேப்டாப்போடு பகலில் வா, வேண்டியதை எல்லாம் மொத்தமாக இறக்கிக்கொண்டு போ, ராத்திரியை நம்பாதே. கடவுச்சொல் படிவத்துக்கு ஐடி கார்டு ஜெராக்ஸ் ஒன்று என்று போர்டில் எழுதியிருக்கும். இரண்டு எடுத்துக்கொண்டு போ.